மறுமொழி: குதிரையேற்றப் போட்டியில் ‘டிவிஷன்’ – ‘பிரிவு’ என்றால் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

குதிரையேற்றப் போட்டி அட்டவணையில் வரும் ‘டிவிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று நம் சொல்லாக்கக் குழுவில் கேட்டதற்கு இதுவரை பிரிவு, தரம், வகுப்பு, அடுக்கு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தச் சொல் களத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு மேற்கே ஹில்க்ரெஸ்ட் பக்கம். ஷொங்வேனியில் போட்டி நடக்கும்போது அண்ணன் மகளோடு போவது வழக்கம். பிள்ளையைப் புதிதாகச் சேர்த்துவிட்ட பெற்றோர் போட்டி அட்டவணையை நீட்டி, “இதில் எதில் பேர் கொடுக்கணும்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நாம் ஆக்கும் சொல் அந்தக் கேள்விக்குப் பாதி பதிலாவது சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

> ‘வகுப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

ஐயா, தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். இங்கே நேட்டாலில் வகுப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. இந்தியாவில் அதற்குச் சாதி, சமயச் சாயலும் உண்டு. அதைவிடப் பெரிய இடைஞ்சல், ‘கிளாஸ்’ என்று களத்தில் வேறொன்று இருக்கிறது. ஒரே தடைவரிசையில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, முடிவில் பரிசுநாடா வாங்கிக்கொண்டு போகிறார்களே, அந்த ஒற்றைப் போட்டிதான் ‘கிளாஸ்’. அப்படிச் சில போட்டிகளைச் சேர்த்து, புள்ளிகளைக் கூட்டி, ஒருவரை வாகையராகவும் அடுத்தவரைத் துணை வாகையராகவும் அறிவிக்கும் தொகுப்புதான் ‘டிவிஷன்’. பெயர் கொடுத்தவர்கள் நிறையப் பேர் என்றால் அதையே வயதுவாரியாகவோ வேறு வகையிலோ உடைப்பார்கள், அது ‘செக்‌ஷன்’. ஆக நமக்கு வேண்டியது மூன்று சொற்கள். போட்டி, பிரிவு, கூறு என்று வைத்தால் போதும். ‘எடைப்பிரிவு’ என்று குத்துச்சண்டைக்கும் பளுதூக்கலுக்கும் நாளிதழ்கள் பல காலமாக எழுதிவருகின்றன, அதனால் பிரிவு என்ற சொல் வாசகருக்குப் புதிதாக இராது. ‘தரம்’ வேண்டாம். தொடக்கப் பிரிவில் இறங்கும் பிள்ளை தரம் குறைந்தவள் ஆகிவிடக் கூடாது.

‘பந்தயப் பிரிவு’ என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். பந்தயம் என்றால் டர்பனில் உடனே நினைவுக்கு வருவது 1897 முதல் நடந்துவரும் ‘டர்பன் ஜூலை’ குதிரைப் பந்தயம்தான், கூடவே பணம் கட்டுவதும். பிள்ளைகளின் குதிரையேற்றத்துக்கு அந்தச் சாயல் ஒட்ட வேண்டாமே.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிரிவு என்று மட்டும் சொன்னால் போதாது. எதைப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் பெற்றோரும் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். குத்துச்சண்டையில் மேடை ஏறுவது ஓர் ஆள். இங்கே ஒரு மனிதரும் ஒரு குதிரையும் சேர்ந்து இறங்குகிறார்கள். பிரிவு சில நேரம் ஆளைப் பார்க்கும், சில நேரம் குதிரையைப் பார்க்கும். அட்டவணையில் இருக்கும் ஆங்கிலச் சொல் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. ‘ஜூனியர்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைதாண்டல் விதிகளில் ஜூனியர் என்றால் 14 முதல் 18 வயது வரையுள்ள வீரர். அதுவும் பிறந்த நாளைப் பார்க்காமல் ஆண்டுக் கணக்கில். கால்மைல் குதிரை (‘குவார்ட்டர் ஹார்ஸ்’) என்ற இனத்துக்கான அமெரிக்கப் போட்டிகளிலோ அது ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குதிரையைக் குறிக்கிறது. அங்கே நாற்பது வயதுக்காரர் ‘ஜூனியர்’ போட்டியில் இறங்குவதில் தவறே இல்லை.

இந்தக் குழப்பம் தமிழுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. நமக்குத் திணை இருக்கிறது. ‘இளையோர் பிரிவு’ என்றால் அது ஆட்களுக்கு மட்டும்தான். குதிரையை இளையோர் என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். ‘இளங்குதிரைப் பிரிவு’ என்றால் யார் ஏறினாலும் குதிரைக்குத்தான் வயது வரம்பு. ஆகவே இந்தக் குழு ஒரே ஒரு விதியை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: ஆளைப் பார்த்துப் பிரித்தால் பெயர் உயர்திணையில் முடியட்டும், குதிரையைப் பார்த்துப் பிரித்தால் அஃறிணையில் முடியட்டும்.

இந்த விதி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். அமெரிக்கப் போட்டிகளில் ‘மெய்டன்’, ‘நாவிஸ்’, ‘லிமிட்’ என்று மூன்று படிகள் உண்டு. முதல் பரிசு ஒன்றுகூட வாங்காதது, மூன்று வாங்காதது, ஆறு வாங்காதது என்பது அவற்றின் கணக்கு. ‘கன்னிப் பிரிவு’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கன்னிப்பேச்சு, கன்னிமுயற்சி என்றெல்லாம் நாம் சொல்வதுதான், ஆனால் ஒரு சிறுவனைக் கன்னிப் பிரிவில் சேர்த்தேன் என்று அவன் அம்மா சொல்ல முடியுமா? அதற்குப் பதில் ‘முதற்பரிசு பெறாதோர்’ என்றால் ஆளின் கணக்கு, ‘முதற்பரிசு பெறாதவை’ என்றால் குதிரையின் கணக்கு. மூன்று பெறாதோர், ஆறு பெறாதவை என்று அப்படியே தொடரலாம். விளக்கக் குறிப்பே வேண்டாம், பெயரிலேயே தகுதி இருக்கிறது. யாரும் இறங்கலாம் என்று திறந்துவிடும் ‘ஓபன்’ என்பதற்குப் பொதுப்பிரிவு வேண்டாம். அந்தச் சொல்லை இந்தியாவில் இடஒதுக்கீட்டுப் பேச்சு எடுத்துக்கொண்டது. ‘வரம்பிலாப் பிரிவு’ எனக்குப் பிடித்திருக்கிறது.

‘அமெச்சூர்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் தவறான பிரிவுக்குப் போகிறார்கள். பலர் நினைப்பதுபோல் அதற்குப் பொருள் ‘அரைகுறையாகத் தெரிந்தவர்’ இல்லை. குதிரை ஓட்டவோ பழக்கவோ கற்றுக்கொடுக்கவோ பணம் வாங்குகிறாரா என்பதே அங்கு கேள்வி. முப்பது ஆண்டு சவாரி செய்த மருத்துவரும் அமெச்சூர்தான். நேற்று வந்த பயிற்சியாளர் காசு வாங்கினால் தொழில்முறைக்காரர் ஆகிவிடுகிறார். ஆகவே ‘பயில்நிலை’ வேண்டாம், ‘ஊதியம் பெறாதோர்’ என்றே நேராகச் சொல்லலாம்.

களத்துக்குப் புதிதான ‘கிரீன்’ குதிரைக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் ‘பச்சைக்குதிரை’ என்று எழுதினால் நம் பிள்ளைகள் குனிந்து நின்று முதுகைத் தாண்டச் சொல்வார்கள்! இந்தக் குதிரை வயதில் சிறியது என்றும் இல்லை. எட்டு வயதில் பந்தயத் தடத்தை விட்டு வந்து இப்போதுதான் தடைதாண்டப் பழகும் குதிரையும் கிரீன்தான். கற்றுக்குட்டி என்றால் இளக்காரமாகப் படுகிறது. சினிமாவிலும் கிரிக்கெட்டிலும் புழங்கும் ‘புதுமுகம்’ இங்கே அழகாகப் பொருந்தும். புதுமுகக் குதிரைப் பிரிவு என்றால் குதிரைக்குக் களம் புதிது, ஏறுபவர் எவ்வளவு தேர்ந்தவராகவும் இருக்கலாம்.

போனிக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை, ‘மட்டக்குதிரை’ இருக்கிறது. குட்டி என்று எழுதியவர்கள் மாற்றிவிடுங்கள். உலகக் கூட்டமைப்பின் விதியில் லாடம் இல்லாமல் 148 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாதது என்பதுதான் வரம்பு, இருபது வயதானாலும் மட்டக்குதிரை மட்டக்குதிரைதான். அப்புறம் தென்னாப்பிரிக்காவில் அமெரிக்கச் சேணக்குதிரை (‘சேடில்பிரெட்’) இனத்துக் குதிரைகள் நிறைய. நடை, துள்ளோட்டம், சீரோட்டம் என்ற மூன்றோடு மெதுநடை, ‘ரேக்’ எனும் விரைநடை இரண்டையும் காட்டுபவை ‘ஃபைவ் கெய்ட்டட்’ பிரிவில் வரும். குதிரையின் ஐந்து நடைகளுக்கு நம் பழைய நிகண்டுகளில் ‘ஐங்கதி’ என்று பெயர். அந்தப் பட்டியலும் இந்தப் பட்டியலும் ஒன்று என்று சொல்லவில்லை, ஆனாலும் ‘ஐங்கதிப் பிரிவு’ என்று எழுத நமக்கு முழு உரிமை உண்டு.

‘சொல்லெல்லாம் சரி, எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதையும் விளக்கத்தில் எழுதலாமே’ என்று கேட்டிருந்தார்கள். எழுதலாம், எழுத வேண்டும். இரட்டை மாட்டு வண்டியில் இளைத்த மாட்டின் நடைதான் வண்டியின் நடை. பிரிவுத் தேர்வும் அப்படித்தான்: ஆள், குதிரை இரண்டில் யாருக்கு அனுபவம் குறைவோ அவரை வைத்தே முடிவு செய்ய வேண்டும். தேர்ந்த குதிரையில் புதுப்பிள்ளை ஏறினால் பிள்ளைக்கான பிரிவு. தேர்ந்த பிள்ளை புதுமுகக் குதிரையில் ஏறினால் குதிரைக்கான பிரிவு. இரண்டுமே புதிது என்றால் முதலில் தடையில்லாத நடைப் போட்டியில் இறக்குங்கள். உயரத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். பயிற்சிக் களத்தில் 90 சென்டிமீட்டர் சிரமமில்லாமல் தாண்டும் இணையை வெளிக்களத்தில் முதலில் 80-இல் இறக்குவதே நல்ல பயிற்சியாளர்கள் செய்வது. கொடி, ஒலிபெருக்கி, அந்நியக் குதிரைகள், வண்ணம் பூசிய புதுக் கட்டைகள் எல்லாம் சேர்ந்து குதிரையின் கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கட்டை விழுந்தால் 4 பிழைப்புள்ளி, குதிரை தாண்ட மறுத்து நின்றால் அந்த முதல் மறுப்புக்கு இன்னொரு 4. உலக விதிப்படி இரண்டாவது மறுப்பிலேயே வெளியே போக வேண்டியதுதான். உயரத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை அழவைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

குதிரை வயதுப் பிரிவில் தேதியையும் கவனிக்கச் சொல்லுங்கள். பந்தயக் குதிரைகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஆகஸ்ட் 1-ஆம் தேதியும் வடகோளத்தில் ஜனவரி 1-ஆம் தேதியும் பொதுப் பிறந்த நாள். வெளிநாட்டு வழிகாட்டியைப் பார்த்து வயது எண்ணினால் கணக்கு தவறும்.

பாக்கி இருப்பது மதிப்பீட்டு வகைகள். அமெரிக்க முறையில் ‘ஹண்டர்’ பிரிவில் நடுவர் குதிரையின் நடை, அமைதி, தாண்டும் அழகைப் பார்க்கிறார். ‘ஈக்விடேஷன்’ பிரிவில் ஏறியவரின் இருப்பையும் கட்டுப்பாட்டையும் பார்க்கிறார். ‘ஜம்பர்’ பிரிவில் பிழைப்புள்ளியும் நேரமும்தான், அழகுக்கு மதிப்பெண் இல்லை. மூன்றாவதைத் தடைதாண்டல் என்று முடித்துவிடலாம். முதல் இரண்டுக்கும் ‘குதிரைப்பாங்கு’, ‘சவாரிப்பாங்கு’ என்று இணையாக வைக்கலாமா? ‘வேட்டைக்குதிரை’ என்ற நேர்ச்சொல்லை நம் ஊர் ‘ஷோ ஹண்டர்’ போட்டிக்கு ஒதுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பள்ளிப் போட்டிகளில் பிள்ளைகளை அழைத்துப்போகும் பெற்றோர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். ‘பாங்கு’ உங்கள் வாயில் இயல்பாக வருகிறதா என்று சொல்லிப் பார்த்து எழுதுங்கள். வராவிட்டால் வேறு தேடுவோம்.

அன்புடன்,
ஹில்க்ரெஸ்டிலிருந்து