குவெரி ஓடும்போதே ஃபைல்களை ஜாயின் செய்த (பொதுவான ஃபீல்டை வைத்து இணைத்த) மூன்று பேரின் அனுபவங்கள்

ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில் வேலை பார்த்தவர்களுக்கு ஓபன் குவெரி ஃபைல் கட்டளை மறந்திருக்காது. ஃபைல்களை இணைத்துக் காட்டும் ஜாயின் லாஜிக்கல் ஃபைல் ஒன்றை நிரந்தரமாகச் செய்துவைக்க வேண்டியதில்லை. அந்தக் கணினியின் கட்டளை மொழியான சிஎல்-இல் எந்தெந்த ஃபைல், எந்த ஃபீல்டு எதோடு பொருந்த வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்து ஓடும் ஆர்பிஜி மொழிப் புரோகிராம் ஏதோ ஒரே ஃபைலைப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டே போகும்.

என் கைக்கு வந்த பழைய ரிப்போர்ட் ஒன்றில் வாடிக்கையாளர் ஃபைலும் பணம் கட்டிய ஃபைலும் இப்படி இணைந்திருந்தன. சராசரித் தொகை மட்டும் எப்போதும் குறைவாகவே வரும், புரோகிராமில் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. விஷயம் சிஎல்-இல் இருந்தது. ஜோடி இல்லாத வரியை என்ன செய்வது என்று சொல்லும் ஜாயின் டிஃபால்ட் வேல்யூவுக்கு 'யெஸ்' கொடுத்திருந்தார்கள். அதாவது ஒரு பைசா கட்டாத வாடிக்கையாளருக்கும் ஒரு வரி வரும், ஃபைலின் ஃபீல்டுகளை விவரிக்கும் டிடிஎஸ்-இல் வேறு மதிப்பு சொல்லாவிட்டால் தொகை 0 என்று வரும். எஸ்க்யூஎல் லெஃப்ட் ஜாயினில் அந்த இடத்தில் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வந்திருக்கும், சராசரிக் கணக்கு அதை விட்டுவிட்டுப் போயிருக்கும். இங்கே 0 அசல் தொகைபோல உள்ளே உட்கார்ந்துவிட்டது. 'நோ' என்று மாற்றியதும் சரியானது. அதே இடத்தில் 'ஒன்லி டிஃபால்ட்' என்று மூன்றாவது ஒன்று உண்டு, ஜோடி கிடைக்காத வரிகளை மட்டும் தரும். பணமே கட்டாதவர்கள் பட்டியலுக்கு அதைவிட வசதியான வழியை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. ஜாயினின் ஃபார்மட்டுக்காக (எந்தெந்த ஃபீல்டு வரும் என்று காட்ட) மட்டும் உருவாக்கும் ஃபைலை, டேட்டா உட்காரும் பகுதியான மெம்பரே இல்லாமல் உருவாக்குங்கள். புரோகிராமை ஜாயின் பக்கம் திருப்பிவிடும் ஓவர்ரைடு கட்டளை விட்டுப்போனால் புரோகிராம் அந்த ஃபைலையே திறக்கப் பார்த்து எரர் அடிக்கும். காலி மெம்பர் ஒன்று இருந்தால் வெற்று ரிப்போர்ட் அச்சாகி வரும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

*

நான் எஸ்க்யூலைட் ஆள், அதில் ஒரு டேட்டாபேஸ் என்பது ஒரு ஃபைல். வருடத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரித்து வைத்திருக்கும் இடத்தில் அட்டாச் கட்டளை போட்டு, அந்த ஃபைல்களை ஒரே கனெக்‌ஷனில் சேர்த்துத்தான் ஓட்டுகிறோம். ஒரே கனெக்‌ஷனில் சாதாரணமாக 10 ஃபைல் வரைதான் அட்டாச் ஆகும், கம்பைல் செய்யும்போது மாற்றினால் 125 வரை போகலாம். எங்களுக்கு அது பிரச்சினையே இல்லை, பிரச்சினை பாத்தில் வரும் எழுத்துப்பிழை. இல்லாத ஃபைலை அட்டாச் செய்தால் கோபித்துக்கொள்ளாது, அந்தப் பெயரில் காலியாகப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்! அப்புறம் குவெரியில் டேபிளுக்கு முன்னால் டேட்டாபேஸ் பெயர் போடாமல் எழுதியிருந்தால் மெயினில் (முதலில் திறந்த ஃபைலில்) இருக்கும் அதே பெயர் டேபிளை எடுத்துக்கொண்டு பதிலும் தந்துவிடும். கேட்டது 2019 கணக்கு, வந்தது நடப்பு வருடக் கணக்கு. இப்போது பாத்தை 'file:' என்று தொடங்கும் யூஆர்ஐ ஆக எழுதி மோடு ஆர்ஓ (படிக்க மட்டும்) சேர்த்துவிடுகிறோம், ஃபைல் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். டேபிள் பெயருக்கு முன்னால் டேட்டாபேஸ் பெயர் இல்லாத குவெரியை ரிவ்யூவில் விடுவதில்லை.

பல ஃபைல்களைச் சேர்த்து வியூ (பெயர் வைத்துச் சேமித்த குவெரி) வேண்டுமென்றால், கனெக்‌ஷன் மூடியதும் போய்விடும் டெம்ப் வியூவாகத்தான் எழுத முடியும். படிப்பதோடு ஃபைல்களில் டேட்டா எழுதவும் செய்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: மாற்றங்களை முதலில் தனி லாக் ஃபைலில் எழுதும் வால் மோடில் ஒரே டிரான்சாக்‌ஷன் இரண்டு ஃபைல்களைத் தொட்டு, நடுவில் கரண்ட் போனால், ஒன்றில் பதிவாகி மற்றதில் பதிவாகாமல் போக வாய்ப்புண்டு.

*

மேலே இருவரும் சொன்னது ஜோடியில்லாத வரி 0 ஆக வருவதும் வேறு டேபிளிலிருந்து வருவதும். எனக்கு நடந்தது சேரக்கூடாதவை சேர்ந்தது. டக்டிபி என்ற டேட்டாபேஸில் சிஎஸ்வி ஃபைல்களை (கமா போட்டுப் பிரித்த எழுத்து ஃபைல்களை) நேராகவே ஜாயின் செய்யலாம், இறக்குமதி எதுவும் வேண்டாம், அந்தச் சுகத்துக்கு ஈடு இல்லை. ஆனால் டக்டிபி மாதிரிக்குச் சில வரிகளைப் பார்த்து ஒவ்வொரு நெடுவரிசைக்கும் டைப்பைத் (எண்ணா எழுத்தா என்பதை) தானே ஊகித்துவிடும். எங்கள் பொருள் குறியீட்டில் 0457 வேறு, 457 வேறு. எண் என்று ஊகித்ததும் இரண்டும் ஒன்றாகி, ஒரு பொருளின் விற்பனை இன்னொன்றின் தலையில் ஏறியது. அந்த இரண்டு பொருள்களின் கூட்டுத்தொகை இரண்டு மடங்கு. இப்போது ஆல் வார்கேர் என்ற ஆப்ஷனைக் கொடுத்து எல்லாவற்றையும் எழுத்தாகவே படித்து, கூட்ட வேண்டிய நெடுவரிசையை மட்டும் குவெரியில் எண்ணாக மாற்றுகிறேன். கொஞ்சம் கூடுதலாக டைப் அடிக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.