‘போர்டு ஆஃப் டிரேட்’: வாரியமா, சங்கமா, அவையா?

அன்புடையீர், வணக்கம்.

டொராண்டோவின் புறநகரான பிராம்ப்டனின் வணிக வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோருக்கு, அங்கே 1887இல் தொடங்கிய ‘போர்டு ஆஃப் டிரேட்’ என்ற அமைப்பின் பெயரே முதல் தடையாக நிற்கிறது. முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட ‘வாணிப வாரியம்’ எனக்கு உடன்பாடன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குடவோலையில் தேர்ந்த ஊர்க்குழுக்களே என்றாலும், மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் பழகிய நம் காதில் அச்சொல் அரசு அலுவலகமாகவே ஒலிக்கும். பிரிட்டனில் இதே ஆங்கிலப் பெயர் அரசுத் துறையைக் குறித்ததால் அங்கு வேண்டுமானால் அது பொருந்தும். கனடாவிலோ இது சந்தா கட்டி விரும்பிச் சேரும் அமைப்பு, அதாவது பிற ஊர்களில் ‘சேம்பர் ஆஃப் காமர்ஸ்’ எனப்படுவதேதான்.

‘வணிகர் சங்கம்’ எளிய சொல், ஆனால் அதிலுள்ள ‘ர்’தான் இடறுகிறது. நம் ஊர்களில் அச்சொல் கடைவீதிக்காரர்களின் அமைப்பையும், கடையடைப்பு அறிவிப்பையும் நினைவூட்டும். பிராம்ப்டனோ பூ வளர்க்கும் கண்ணாடிக்கூடங்களால் பெயர்பெற்ற சிற்றூராக இருந்து, 1950களின் இறுதியில் பிராமலீ குடியிருப்பு அருகே எழுந்தபின் விரைந்து வளர்ந்து, 1974இல் அதனையும் சேர்த்துக்கொண்டு மாநகரானது. அத்தகைய ஊரின் அமைப்பில் கடைக்காரருடன் ஆலை, வங்கி, வழக்கறிஞர் அலுவலகம் எனப் பலவும் உறுப்பினராக இருக்கும். ஆளைக் குறிக்கும் விகுதி அவற்றையெல்லாம் தாங்காது. மதுரையில் 1924இல் தோன்றிய அமைப்பு ‘தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம்’ என்று விகுதியின்றியே பெயர் கொண்டிருப்பது நமக்கு நல்ல முன்மாதிரி.

இலங்கையில் வழங்கும் ‘வர்த்தக சம்மேளனம்’ தமிழ்நாட்டு வாசகருக்குப் பல சங்கங்களின் கூட்டமைப்பாகத் தோன்றக்கூடும். மதுரைக்கு அருகே மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ‘வெள்ளறை நிகமத்தோர்’ என்று ஓர் ஊரின் வணிகக் குழுவையே சுட்டுவதால், ‘நிகமம்’ என்ற சொல்லை மீட்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆயினும் தொலைபேசிக் கட்டணச் சீட்டில் ‘பாரத் சஞ்சார் நிகம்’ என்று படித்த தலைமுறைக்கு அது அரசு நிறுவனத்தையே நினைவூட்டும் என்பதால், மனமில்லாமல் விடுகிறேன்.

எனவே ‘வணிக அவை’ என்பதை முன்வைக்கிறேன். மேலவை, மாநிலங்களவை என்று சட்டமன்றங்களின் ‘சேம்பர்’ ஏற்கெனவே தமிழில் அவையாகிவிட்டது. ‘அவைத்தலைவர்’, ‘அவை உறுப்பினர்’ என்ற தொடர்களும் தடையின்றி வரும். ஜெர்மனியில் உள்ளதுபோல் சட்டப்படி நிறுவனங்கள் சேர்ந்தே ஆகவேண்டிய அமைப்பாயின் ‘கட்டாய உறுப்புரிமை வணிக அவை’ என்று ஒருமுறை விளக்கினால் போதும். கட்டுரையில் ‘பிராம்ப்டன் போர்டு ஆஃப் டிரேட்’ என்ற பதிவுப்பெயரை முதல் இடத்தில் ஒலிபெயர்த்துத் தந்து, பின்னர் ‘பிராம்ப்டன் வணிக அவை’ என்றே எழுதலாம். பெயரிலேயே தொழிலையும் சேர்த்துக்கொண்ட அமைப்புகளுக்கு மட்டும் ‘தொழில் வணிக அவை’ என்று இருக்கட்டும்.