கர்னல் டெஸ்ட் ஓட்டியதில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்று: உங்களுடையதைச் சொல்லுங்கள்

அரைத்தூக்கம்:
நானே ஆரம்பிக்கிறேன். ராத்திரிதோறும் லினக்ஸின் மையமான கர்னலோடு வரும் டெஸ்ட் தொகுப்பு, கேசெல்ஃப்டெஸ்டை ஓட்டி, காலையில் ஒரு சுருக்கத்தை மெயிலில் தள்ளும் ஏற்பாடு நான் சேர்வதற்கு முன்பிருந்தே எங்கள் குழுவில் இருந்தது. தினமும் பச்சை, அதனால் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நெட்வொர்க் பக்கம் ஒரு புகார் வந்தபோது, அந்த இடத்துக்கென்றே டெஸ்ட் இருக்கிறதே, அது பாஸ் ஆகிறதே என்று எல்லாரும் சொன்னார்கள். நான் சுருக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு முழு லாகைத் திறந்து கீழே கீழே போனேன். வரி ‘ஓகே’ என்றுதான் தொடங்குகிறது. அப்புறம் ஒரு எண், டெஸ்ட்டின் பெயர், அதையெல்லாம் தாண்டி வலது ஓரத்தில் ஒரு ஹேஷ் குறி, அதை ஒட்டி ‘ஸ்கிப்’, அதாவது ஓட்டாமல் தாண்டிவிட்டது. அடுத்த வரியும் அப்படியே. அந்த ஃபோல்டர் முழுக்க அப்படியே.

டெஸ்ட் முடிவுகளை எழுதும் டேப் வடிவத்தில் ஸ்கிப்பும் ஓகே என்றுதான் அச்சாகும், டெஸ்ட் முடியும்போது 4 என்ற எக்ஸிட் கோடைக் கொடுத்தால் டெஸ்ட்களை ஓட்டும் ரன்னர் அப்படித்தான் எழுதும், இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சுருக்கம் தயாரிக்கும் ஸ்கிரிப்டுக்கு அது தெரியவில்லை, வரித் தொடக்கத்தில் ஓகே இருந்தால் பாஸ் என்று எண்ணிக்கொண்டே போயிருக்கிறது. எப்போதோ ஒரு நாள் பில்டுக்கு டிஸ்ட்ரோவின் (உபுண்டு, ஃபெடோரா மாதிரி) கான்ஃபிக்கை, அதாவது கர்னலில் எந்தெந்த வசதி வேண்டும் என்ற பட்டியலை, எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதோடு அந்த டெஸ்ட்களுக்கு வேண்டிய வசதியே கர்னலிலிருந்து காணாமல் போயிருக்கிறது. மேக் கேசெல்ஃப்டெஸ்ட்-மெர்ஜ் கொடுத்து, டெஸ்ட் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக் துண்டையும் சேர்த்து மறுபடி பில்ட் செய்து ஓட்டினால், முதல் டெஸ்ட்டே விழுந்தது. அது எப்போதிலிருந்து விழுந்திருக்க வேண்டும் என்று சொல்ல எங்களிடம் ஒரு லாகும் இல்லை.

நிதானம்:
ஸ்கிப்பை வில்லனாக்காதீர்கள். டெஸ்ட் எந்தக் கர்னலிலும் ஓட வேண்டும், வசதி இல்லை என்றால் அது ஸ்கிப் என்றுதான் சொல்ல வேண்டும், ஃபெயில் என்று சொல்ல ஆரம்பித்தால் சின்ன கான்ஃபிக் வைத்திருப்பவன் ஒருவனாலும் எதையும் ஓட்ட முடியாது. உங்கள் ஸ்கிரிப்ட் சரியில்லை, அவ்வளவுதான்.

என் உறுத்தல் இதற்கு நேர் எதிர். ஒரு டெஸ்ட் சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில். லாகில் ‘டைம்அவுட் 45 விநாடி’ என்று மட்டும் இருக்கும். ரன்னரின் இயல்பான வரம்பு அது, தனியாக செட்டிங்ஸ் ஃபைலில் மாற்றி எழுதாவிட்டால் எல்லாருக்கும் 45தான். கர்னலில் ஏதோ லாக்கில் (ஒரு நேரத்தில் ஒருவரே தொட வைக்கும் பூட்டில்) மாட்டிக்கொள்கிறது என்று நினைத்து, அதைக் கண்டுபிடிக்கும் லாக்டெப் எல்லாம் போட்டுத் தேடினோம். கடைசியில் ஹோஸ்ட் மெஷினில், எது எவ்வளவு சிபியூ தின்கிறது என்று காட்டும் டாப் கமாண்டைத் திறந்து வைத்துக்கொண்டு டெஸ்ட்டை ஓட்டிப் பார்த்தபோது, பக்கத்தில் வேறு யாரோ கர்னல் பில்ட் ஆரம்பித்தார்கள், எல்லா கோரும் நூறு சதவீதம், எங்கள் விஎம் (அந்த ஹோஸ்டுக்குள் ஓடும் மென்பொருள் மெஷின்) மூச்சு விடவில்லை. 46வது விநாடியில் முடிந்திருக்க வேண்டிய டெஸ்ட் அது. கர்னலில் எந்தக் கோளாறும் இல்லை. இதற்கிடையில் குழுவில் எல்லாரும் அந்த டெஸ்ட்டின் சிவப்பைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகிவிட்டார்கள், அடுத்த முறை அது உண்மையாகவே விழுந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. வரம்பைக் கூட்டிவிட்டோம், ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை.

கன்சோல்_பைத்தியம்:
என்னுடையது சின்னது. எல்டிபி என்ற இன்னொரு டெஸ்ட் தொகுப்பு ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் அப்படியே உறைந்துவிட்டது என்று ஒரு நண்பர் ஸ்கிரீனை ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். ஸ்டாக்கின் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசையின்) வால் பகுதி, ரெஜிஸ்டர்கள், கடைசியில் ‘எண்ட் டிரேஸ்’. எது முதலில் உடைந்தது என்று சொல்லும் மேல் வரிகள் எல்லாம் திரையை விட்டு ஓடிப்போய்விட்டன. அந்த ஃபோட்டோவில் அவருடைய கட்டைவிரலின் நிழல்கூடத் தெளிவாக இருந்தது.

அதனால் கேட்காமலேயே சொல்கிறேன். முதலில் உங்கள் சொந்த மெஷினில் ஓட்டாதீர்கள், கியூஎம்யூ என்ற விஎம் மென்பொருளில் ஓட்டுங்கள், வர்ட்மி-என்ஜி என்ற கருவி இருந்தால் பில்ட் செய்த டைரக்டரியிலிருந்தே பூட் ஆகிவிடும், டிஸ்க் இமேஜ் செய்ய வேண்டிய வேலையே இல்லை. விஎம்மை வேகமாக்கும் கேவிஎம் கிடைக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எல்லாமே ஆமை வேகம், மேலே நிதானம் சொன்ன டைம்அவுட்டில் போய் நிற்பீர்கள். கர்னல் கமாண்ட் லைனில் சீரியல் கன்சோலைக் (செய்திகளைச் சீரியல் போர்ட் வழியாக வெளியே அனுப்புவதை) கொடுத்து, அது எழுதுவதை ஹோஸ்டில் ஒரு ஃபைலில் பிடித்து வையுங்கள். நிஜ மெஷின்தான் வேண்டும், சீரியல் போர்ட் இல்லை என்றால் அதே செய்திகளை நெட்வொர்க் வழியாக அனுப்பும் நெட்கன்சோல். அதுவும் முடியாவிட்டால், ரீபூட்டிலும் அழியாத இடத்தில் செய்திகளைச் சேமிக்கும் பிஸ்டோர், ரீபூட்டுக்குப் பிறகாவது எதையாவது மீட்கலாம். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசான் போட்டு பில்ட் செய்யுங்கள், வேகம் குறையும், குறையட்டும். எச்சரிக்கை வந்தாலே கர்னலை நிறுத்திவிடும் பேனிக்-ஆன்-வார்னை விஎம்மில் போடுங்கள், அன்றாட மெஷினில் வேண்டாம். டீபக் தகவலோடு பில்ட் செய்த கர்னல் ஃபைலான விஎம்லினக்ஸை அழிக்காதீர்கள், டீகோட்-ஸ்டாக்டிரேஸ் ஸ்கிரிப்டுக்கு அது வேண்டும், அது இருந்தால் ஒவ்வொரு முகவரியும் ஃபைல் பெயரும் வரி எண்ணுமாக மாறிவிடும். அது இல்லாமல் வெறும் எண்களைக் கர்னல் மெயில் லிஸ்டுக்கு அனுப்பினால் பதில் வராது. வந்தாலும் ‘டீகோட் செய்து அனுப்புங்கள்’ என்றுதான் வரும்.

பழைய_போர்டு:
சீரியல் கன்சோலைக் கடவுளாக்குகிறவர்களுக்கு என் கதை.

வெளிவந்த கர்னல்களுக்குத் திருத்தங்கள் சேர்க்கும் ஸ்டேபிள் வரிசையில் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை வெர்ஷன்) வந்தால் பெரும்பாலும் 48 மணி நேரம்தான் அவகாசம், அதற்குள் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு பழைய ஆர்ம் போர்டு இருக்கிறது, அதில் பூட் டெஸ்ட் மட்டும் செய்வேன். ஆர்சி பூட் ஆகவில்லை என்று லேப், அதாவது போர்டைத் தானாக ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு, சொன்னது. கன்சோலில் ஆரம்ப வரிகள் வருகின்றன, பாதியில் நின்றுவிடுகிறது, லாகின் கேட்கும் வரி வரவே இல்லை, ஸ்கிரிப்ட் போர்டின் மின்சார ரிலேயை அணைத்துப் போட்டு அடுத்ததுக்குப் போகிறது. எந்தக் கமிட்டில் (கோட் மாற்றத்தில்) கெட்டது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் ரன்னில் விட்டேன். பில்டே ஆகாத கமிட்டுக்கு 125, அதாவது இதைத் தாண்டிப் போ என்று ஸ்கிரிப்டில் ஏற்கெனவே எழுதியிருந்ததால் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. ராத்திரி முழுக்க டக், டக் என்று ரிலே சத்தம். காலையில் அது காட்டிய கமிட்டைப் பார்த்தால் கான்ஃபிக் விதிகளைச் சொல்லும் கேகான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி, ‘டிபெண்ட்ஸ் ஆன்’, அதாவது இதற்கு அது வேண்டும். இதற்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வேறு எதற்கோ ஒரு டெர்மினலில் அந்த போர்டின் முகவரிக்கு பிங் ஓடிக்கொண்டிருந்தது. பதில் வந்துகொண்டிருக்கிறது! லேப் செத்துவிட்டது என்கிறது, போர்டோ பிங்குக்குச் சாவகாசமாகப் பதில் சொல்கிறது. நெட்வொர்க் வழியாக எஸ்எஸ்எச்சில் உள்ளே போனால் எல்லாமே நன்றாக ஓடுகிறது. அந்த ஒரு வரியால் சீரியல் போர்ட் டிரைவர் கர்னலுக்குள் இருந்தது மாட்யூலாக (பிறகு தனியாக ஏற்றும் ஃபைலாக) மாறிவிட்டது, டிரைவர் மாட்யூலானால் கன்சோல் ஆப்ஷனே கான்ஃபிக்கில் தங்காது. ஆரம்ப வரிகளைக் காட்டும் இயர்லிகான் சொன்ன வரைக்கும்தான் பேச்சு. பைசெக்ட் சரியான கமிட்டைத்தான் பிடித்தது, ‘பூட் ஃபெயில்’ என்ற பெயர்தான் தப்பு. ரிப்போர்ட்டில் ‘பூட் ஆகிறது, கன்சோல் போய்விட்டது’ என்று எழுதி அனுப்பினேன். பூட் ஃபெயில் என்று போயிருந்தால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் கமிட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்திருப்பார்.

கன்சோல்_பைத்தியம்:
நெட்கன்சோல் என்றும் சொல்லியிருந்தேனே, அதைப் படிக்கவில்லையா?

பழைய_போர்டு:
படித்தேன். அந்த போர்டில் நெட்வொர்க் டிரைவரும் மாட்யூல்தான், அது ஏறுவதற்கு முன்னால் நடப்பது எதுவும் நெட்கன்சோலில் வராது.

புதுசு:
நான் டெஸ்ட் எழுதி அனுப்பினேன், ஒரு பதிலும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, மெயில் எச்டிஎம்எல் வடிவில் போயிருக்கிறது, லிஸ்ட் வாசலிலேயே தள்ளிவிட்டது. வெறும் எழுத்தாக அனுப்பும் கிட் சென்ட்-ஈமெயிலில் மறுபடி அனுப்பினேன். மெயின்டெய்னரிடமிருந்து ஒரே வரி: இது ஃபெயில் ஆகிப் பார்த்தீர்களா? என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. பாஸ் ஆகத்தானே எழுதினேன்?

நிதானம்:
நல்ல கேள்வி அது, கோபப்படாதீர்கள். கோளாறைச் சரிசெய்த கமிட்டை ரிவர்ட் செய்துவிட்டு (திரும்ப எடுத்துவிட்டு) உங்கள் டெஸ்ட்டை ஓட்டுங்கள். அப்போது விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. கர்னலுக்குள்ளேயே ஓடும் கேயூனிட் டெஸ்ட் என்றால், கேயூனிட்.பை ரன் கொடுத்தால், கர்னலைச் சாதாரண புரோகிராமாக ஓட்டும் யூஎம்எல்லில் ஓடிவிடும், விஎம்கூட வேண்டாம், பெரிய வேலையே இல்லை. இரண்டு ஓட்டத்தின் முடிவையும் மெயிலில் மூன்று சிறு கோடு போட்ட வரிக்குக் கீழே (அங்கே எழுதுவது கமிட்டில் சேராது) எழுதி இரண்டாம் வெர்ஷனாக அனுப்புங்கள்.

மூன்று_ஸ்டாக்:
டெஸ்ட் பாஸ் ஆனால் போதும் என்று நினைப்பவர்கள் கர்னலில் தானாகக் கோளாறு தேடும் ரோபோ சிஸ்பாட்டின் மெயில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு வந்தது யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ, அதாவது விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவது. கேசான் ரிப்போர்ட்டில் மூன்று ஸ்டாக் இருக்கும்: தொட்டது யார், ஒதுக்கியது யார், விடுவித்தது யார். எல்லாரும் முதல் ஸ்டாக்கைப் பார்த்துவிட்டு அந்த ஃபங்ஷனில் ஒரு நல் செக் (பாயின்டர் காலியா என்று பார்ப்பது) போட்டுவிடுவார்கள். எங்கள் லிஸ்டில் ஒருவர் அதைத்தான் செய்தார், பேட்சைச் (கோட் திருத்தத்தைச்) சிஸ்பாட்டுக்கே அனுப்பி ஓட்டச் சொன்னார், கோளாறை மறுபடி வரவைக்கும் புரோகிராமான ரீப்ரொடியூசர் எதையும் கிளப்பவில்லை என்று பதில் வந்தது, சோதித்தவர் யார் என்று சொல்லும் டெஸ்டட்-பை வரியோடு. அவர் அதைப் பெருமையாக ஒட்டி அனுப்பிவிட்டார். அந்தப் பதிலின் அடியிலேயே, சோதித்தது ரோபோ, முடிந்தவரை மட்டுமே என்று எழுதியிருக்கிறது, அதை யார் படிக்கிறார்கள்?

மூன்றாவது ஸ்டாக் ஒரு டைமரிலிருந்து வருகிறது. இந்தப் பக்கம் பாயின்டரைப் பார்த்து, நல் இல்லை என்று உறுதி செய்து, அடுத்த வரியில் தொடுவதற்குள் அந்தப் பக்கம் டைமர் விடுவித்துவிடலாம். செக் போட்டதில் சந்து குறுகியது, மூடவில்லை. ரீப்ரொடியூசரை இரண்டு சிபியூ விஎம்மில் விட்டால் அமைதியாக ஓடுகிறது, சிபியூவைக் கூட்டி, லூப்பில் போட்டு, நான் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் அதே மூன்று ஸ்டாக், அதே வரிசையில். லாகை அப்படியே ஒட்டிப் பதில் போட்டேன்.

புதுசு:
அப்புறம் அந்தப் பேட்ச் என்ன ஆயிற்று?

மூன்று_ஸ்டாக்:
சேரவில்லை. வேறொருவர் டைமரை முதலில் நிறுத்திவிட்டு விடுவிக்கும்படி வரிசையை மாற்றி எழுதினார், அதைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் அனுப்பியவர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.