பழக்கமில்லாத மென்பொருள் உருவாக்க முறைக்கு அறுவடைக் காலத்தில் மாறலாமா?

பொருநைக்கரை:
வணக்கம். பாளையங்கோட்டையில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மூத்த நிரலராக இருக்கிறேன். அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரத்து அரிசி ஆலைகளுக்கு நெல் கொள்முதல், எடை, பட்டுவாடா ஆகியவற்றுக்கான மென்பொருளை எழுதித் தருகிறோம். ஆலைக்காரர்களிடம் தேவைகளைக் கேட்டு எழுதி, ஒப்புதல் வாங்கி, நிரல் எழுதி முடித்து, கடைசி ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பதுதான் இதுவரை எங்கள் வழக்கம். வருகிற தை முதல் ஸ்க்ரம் (வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை), இரண்டு வார ஸ்பிரிண்ட் (அப்படி ஒரு சுற்று), நிரலுக்கு முன் அதற்கான சோதனையை முதலில் எழுதுதல், இருவராக அமர்ந்து நிரல் எழுதுதல் என எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மாற வேண்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். எங்களில் ஒருவருக்கும் இவற்றில் பழக்கம் இல்லை. மாசி, பங்குனியில் பிசானப் பருவ நெல் அறுவடை. அந்த நேரத்தில் பிழை நேர்ந்தால் ஆலை வாசலில் நெல் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். இதை எப்படி அவரிடம் எடுத்துச் சொல்வது?

சிற்றாறு:
உங்கள் அச்சம் நியாயமானது, ஏனென்றால் இதே தவற்றை நாங்கள் செய்திருக்கிறோம். நான் முன்பு இருந்த நிறுவனத்தில் மூத்தவர் ஒருவர், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு பழைய எடைச்சீட்டுகள் நாற்பதை எடுத்து வைத்துக்கொண்டு, சாக்கு எடையையும் ஈரப்பதக் கழிவையும் கையால் கணக்கிட்டு, திரையில் வரும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அது எந்த ஆவணத்திலும் எழுதப்படாத வேலை. ஸ்க்ரமுக்கு மாறியபோது கடைசிச் சோதனை வாரத்தை எடுத்துவிட்டோம். அதனோடு அந்த நாற்பது சீட்டும் போய்விட்டதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது ஸ்பிரிண்ட்டில், பாதிச் சுமை திரும்பிய வண்டிகளுக்குச் சாக்கு எடை இருமுறை கழிந்தது. ஒரு வாரப் பட்டுவாடாவை விவசாயிகள் ஒவ்வொருவராகத் தேடிச் சென்று சரிசெய்தோம். குறை ஸ்க்ரமில் இல்லை. பழைய முறைக்குள் ஒளிந்திருந்த காவலை அடையாளம் காணாமலேயே அதைக் கலைத்ததுதான் எங்கள் தவறு.

குறுக்குத்துறை:
இன்னொன்றையும் பாருங்கள். இந்த முறைகள் வாடிக்கையாளரின் நேரத்தைக் கேட்பவை. சோதனையை முதலில் எழுதுவதையும் இருவராக அமர்ந்து எழுதுவதையும் வலியுறுத்தும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறை உருவான இடமே கிறைஸ்லர் நிறுவனத்தின் ஊதியக் கணக்குத் திட்டம்தான். வாடிக்கையாளர் தரப்பு ஆள் ஒருவர் குழுவோடு உட்கார்ந்து முடிவு சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அறுவடைக் காலத்தில் எந்த ஆலையின் கணக்கப்பிள்ளை உங்களோடு வந்து உட்காருவார்? அவர் வராவிட்டால், நிரலர்களே ஊகித்து முடிவெடுப்பார்கள்.

பிசானம்:
பழைய முறை பாதுகாப்பானது என்ற எண்ணத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கட்டம் கட்டமாகச் சென்று இறுதியில் சோதிக்கும் முறையை 1970-ல் படம் போட்டுக் காட்டிய அமெரிக்க மென்பொருள் வல்லுநர் வின்ஸ்டன் ராய்ஸ், அப்படியே செய்தால் ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதினார். எனவே உரிமையாளரிடம் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். காலத்தையும் அளவையும் பற்றிப் பேசுங்கள். புது விதை நெல்லை நம் ஊரில் யாரும் முழு நிலத்திலும் ஒரே பூவில் விதைப்பதில்லை, ஒரு வயலில் போட்டுக் கதிரைப் பார்த்த பிறகுதான் மற்ற வயலுக்குக் கொண்டு போவார்கள். சித்திரையில், பட்டுவாடாவைத் தொடாத ஏதேனும் ஓர் அறிக்கைப் பகுதியை இரண்டு பேரிடம் கொடுத்து, சோதனையை முதலில் எழுதும் பழக்கத்தை மட்டும் தொடங்குங்கள். முதல் சில வாரங்கள் வேகம் குறையத்தான் செய்யும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதையும் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் அதை யோசிக்க யாருக்கும் மனம் வராது.

பொருநைக்கரை:
மூவருக்கும் நன்றி. நேற்று உரிமையாளரிடம் பேசினேன். "மாற வேண்டாம்" என்று தொடங்காமல், சிற்றாறு அண்ணாச்சி எழுதிய சாக்கு எடைப் பிழையை முதலில் சொன்னேன், நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டுவாடாப் பகுதியை அறுவடை முடியும் வரை தொடுவதில்லை என்றும், சித்திரையில் இருப்பு அறிக்கையை மட்டும் புதிய முறையில் எழுதிப் பார்ப்பது என்றும் முடிவாகியிருக்கிறது. அதற்குள், எங்கள் சோதனை வாரத்தில் யார் யார் எதை எதைப் பழக்கத்தால் மட்டும் பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் நாளிலேயே, எந்த ஆவணத்திலும் இல்லாத பதினொரு சரிபார்ப்புகள் கிடைத்தன.