வெடிகுண்டு ஈட்டியால் கொல்வதை மரபு வேட்டை என்று ஏற்கலாமா?

இளவேனில் எழுதியது:
வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்துவதென்று பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் 1982இல் முடிவெடுத்தது. 1986 பருவத்தில் அது நடைமுறைக்கு வந்தது. பழங்குடியினரின் வாழ்வாதார வேட்டைக்கு மட்டும் விலக்கு நீடிக்கிறது. அந்த விலக்கின் பெயரில் அலாஸ்காவின் வடகரையில் இனுயிட் இனத்தாராகிய இனுப்பியாட் மக்கள் கொல்வது, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய வில்தலைத் திமிங்கிலத்தை. வசந்தத்தில் பனிக்கட்டியின் விளிம்புவரை மோட்டார் சறுக்குவண்டியில் செல்கிறார்கள். இலையுதிர் காலத்தில் எஞ்சின் பூட்டிய படகில் கடலுக்குள் போகிறார்கள். எறியீட்டியின் முனையில் வெடிகுண்டு இருக்கிறது. கருவிகளெல்லாம் நம் காலத்தவையாக இருக்கும்போது, உரிமைக்கு மட்டும் மூதாதையரைச் சாட்சிக்கு அழைப்பது எப்படிப் பொருந்தும்?

திசைமானி எழுதியது:
இளவேனில் அவர்களே, வெடி ஈட்டி அவர்களுடைய கண்டுபிடிப்பு அன்று. 1848இல் தாமஸ் ராய்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் பெரிங் நீரிணையைக் கடந்து இந்தத் திமிங்கிலங்களைக் கண்டார். அவருக்குப் பின்னால் வந்த கப்பல்கள் விளக்கெரிக்க உதவும் திமிங்கிலக் கொழுப்பெண்ணெய்க்காகவும், ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் இடுப்புக்கச்சைக்கு வேண்டிய, திமிங்கிலத்தின் வாயில் சல்லடைபோல் தொங்கும் தகடுகளுக்காகவும் அரை நூற்றாண்டில் அந்தக் கடலைக் காலியாக்கின. அலாஸ்காக் கரையில் 2007இல் பிடிபட்ட ஒரு திமிங்கிலத்தின் உடலுக்குள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் செய்யப்பட்ட வெடி ஈட்டியின் துண்டு ஒன்று புதைந்திருந்தது. பென்த்ரைட் என்ற வெடிமருந்து அடங்கிய இன்றைய குண்டோ விலங்கு விரைவாக இறக்க வேண்டும் என்பதற்காகவே கொண்டுவரப்பட்டது. பழைய கருவியைக் கையாண்டால் கொடுமை, புதியதைக் கையாண்டால் மரபுமீறல் என்றால் அவர்கள் எதைத்தான் கையாள்வது?

ஆணையத்தின் தீர்ப்பையே அளவுகோலாகக் கொள்வோரும் 1977ஐ நினைவில் வைக்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் திமிங்கிலங்களே எஞ்சியுள்ளன என்ற மதிப்பீட்டின் பேரில் அவ்வாண்டு அந்த வேட்டையை ஆணையம் முற்றாகத் தடுத்தது. கரையோரப் பனியில் நின்று கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டும் எண்ணினால் கணக்கு தவறும், திமிங்கிலங்கள் பனிக்கு அடியிலும் கரையிலிருந்து வெகு தொலைவிலும் கடந்து போகின்றன என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். அதே ஆண்டில் தங்களுக்கென ஓர் அமைப்பை நிறுவிப் போராடி, 1978ஆம் ஆண்டுக்குச் சிறிய ஒதுக்கீட்டை, அதாவது இத்தனை திமிங்கிலங்களை வேட்டையாடலாம் என்ற அனுமதியை, பெற்றார்கள். பின்னர் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதே உறுதியாயிற்று. 2011 கணக்கெடுப்பின் மதிப்பீடு ஏறத்தாழ 16,900.

இளவேனில் எழுதியது:
எண்ணிக்கை பெருகியது மகிழ்ச்சிக்குரியது. என் கேள்விக்கு அது விடையாகாது. எழுபதுகளில் ஈட்டி பட்ட திமிங்கிலங்களில் பெரும்பங்கு கரை சேராமல் தப்பிப் போயிற்று. இன்றும் சில அவ்வாறு போகின்றன. காயத்தோடு நீந்திப் போன உயிருக்குத் தன் இனம் பெருகுகிறது என்பதால் என்ன ஆறுதல்? வாழ்வாதாரம் என்ற சொல்லும் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் வழங்குவதில்லை. கிரீன்லாந்தில் திமிங்கில இறைச்சி கடைகளிலும் உணவகங்களிலும் விற்கப்படுகிறது. அதைக் காரணமாகக் காட்டி எதிர்ப்பு எழுந்ததால்தான் 2012இல் ஆணையத்தின் பனாமா கூட்டத்தில் கிரீன்லாந்தின் ஒதுக்கீடு தோற்றது.

நெய்தல் எழுதியது:
கிரீன்லாந்தில் நடக்கும் விற்பனை எனக்கும் உடன்பாடில்லை. 2014இல் அந்த ஒதுக்கீடு மீண்டும் வழங்கப்பட்டது வேறு கதை. அலாஸ்காவில் நடப்பதோ முற்றிலும் வேறு. உட்கியாக்விக்கில் (பழைய பெயர் பாரோ) வசந்த வேட்டைக்கான படகின் மரச்சட்டத்தின்மேல் தாடிச் சீல் என்ற கடல்விலங்கின் தோலைப் போர்த்துகிறார்கள்; தண்ணீர் புகாதபடி அதைத் தைப்பவர்கள் பெண்கள். பிடிபட்ட திமிங்கிலத்தை ஊரே கூடிக் கயிறு கட்டிப் பனிமீது இழுக்கிறது. படகுக் குழுக்களுக்குரிய பங்குகள் பிரிக்கப்பட்ட பின், வேட்டையாடிய படகின் தலைவர் தமக்கு வந்ததில் பெரும்பகுதியை ஜூன் மாத நலுகதாக் விழாவில் ஊராருக்கு வழங்கிவிடுகிறார். வேட்டைக்கான செலவெல்லாம் அவருடையது, விற்று ஈட்டும் வருவாய் கிடையாது. நம் கணக்கப்பிள்ளைகள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலையே இல்லை. கடைச் சரக்கு விமானத்திலோ, கோடையில் மட்டும் வரும் கப்பலிலோதான் வந்து சேர வேண்டும். தோலும் கொழுப்பும் சேர்ந்த மக்டாக் துண்டில் வைட்டமின் சி உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இளவேனில் எழுதியது:
அதே தோலில் பாதரசமும், கொழுப்பில் நச்சு வேதிப்பொருள்களும் சேர்கின்றன என்று ஆர்க்டிக் மக்களுக்கு மருத்துவர்கள் எச்சரிப்பதையும் சொல்லியிருக்கலாம்.

நெய்தல் எழுதியது:
அந்த எச்சரிக்கை பெரும்பாலும் மீன் போன்றவற்றைத் தின்னும் பல்லுள்ள திமிங்கிலங்களைப் பற்றியது. வில்தலைத் திமிங்கிலம் மிதவை உயிர்களை வடிகட்டி உண்பதால் அதன் உடலில் பாதரசம் குறைவு.

இளவேனில் எழுதியது:
சரி, உணவு வாதத்தை விடுவோம். 2018இல் பிரேசிலின் ஃப்ளோரியனோபோலிசில் கூடிய ஆணையம், நிபந்தனைகள் நிறைவேறினால் ஒதுக்கீடு தானாகவே புதுப்பிக்கப்படும் என்று முடிவெடுத்தது. உலகத்தின் முன் நின்று அவ்வப்போது காரணம் சொல்ல வேண்டிய கடமையும் இதனால் போய்விட்டது. இதை எப்படி ஆதரிக்கிறீர்கள்?

திசைமானி எழுதியது:
2002இல் ஜப்பானின் ஷிமோனோசெகியில் கூடிய ஆணையத்தில் நடந்ததைப் பார்த்த எவரும் ஆதரிப்பார்கள். தன் கடலோர வேட்டைக்கு ஒதுக்கீடு மறுக்கப்பட்டதும் ஜப்பானும் அதன் ஆதரவு நாடுகளும் அலாஸ்கா மக்களின் ஒதுக்கீட்டைத் தோற்கடித்தன. ஆணையத்தின் அறிவியல் குழு அலாஸ்கா மக்களின் வேட்டையில் குறை காணவில்லை. அதே ஆண்டு சிறப்புக் கூட்டம் கூட்டித்தான் அதைச் சீர்செய்ய முடிந்தது. ஓர் ஊரின் உணவைப் பேரத்துக்குப் பணயமாக வைக்கும் வழி 2018 முடிவால் அடைபட்டது. அறிவியல் குழுவின் மதிப்பாய்வு அப்படியே இருக்கிறது. தாங்கள் சொன்ன தப்பிப்போகும் திமிங்கிலங்களும் கணக்கில் வருகின்றன: 2019 முதல் 2025 வரை கரை சேர்க்கக்கூடியவை மொத்தம் 392 என்பதோடு, தப்பிப்போனவற்றையும் சேர்த்து ஈட்டி படும் திமிங்கிலங்களுக்கு ஆண்டுக்கு 67 என்ற அடிப்படை வரம்பும் விதிக்கப்பட்டது.

இளவேனில் எழுதியது:
பேரம் நின்றது நல்லதே. ஆனால் அந்த வரம்பு தப்பிப் போனவற்றை எண்ணுகிறதே தவிர, அவை எவ்வளவு நேரம் துடித்தன என்பதை எண்ணுவதில்லை. அந்த நேரத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்பதே என் கோரிக்கை. அது வரும்வரை என் எதிர்ப்பு தொடரும்.