மறு: 'டேட்டாபேஸ் டேபிள் இஸ் லாக்டு' – தற்பூட்டு என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் இரண்டு பிழைச்செய்திகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> எஸ்க்யூலைட்டின் இரண்டு பிழைகளுக்கும் நேரடியாகவே பெயர் வைப்போம். ஒன்று தரவுத்தளப்பூட்டு, மற்றது அட்டவணைப்பூட்டு.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. பிழை எண் 5-க்கு 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று செய்தி வருகிறது. எண் 6-க்கு 'டேட்டாபேஸ் டேபிள் இஸ் லாக்டு' என்று வருகிறது. பூட்டு எவ்வளவு பெரியது என்பதுதான் வேறுபாடு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் யார் தடுக்கிறார் என்பதுதான் வேறுபாடு. 5 வந்தால் வேறோர் இணைப்பு (அதே தரவுத்தளத்தைத் திறந்திருக்கும் வேறொரு தொடர்பு) தடுக்கிறது. 6 வந்தால் பெரும்பாலும் நம் இணைப்பேதான்.

பைத்தானில் ஓர் அட்டவணையிலிருந்து ஒரே ஒரு வரிசையை எடுத்துவிட்டு, மீதியைப் படிக்காமல் கர்சரை (வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துத்தருவது) அப்படியே விட்டுவிடுங்கள். அந்த வினவல் (தரவைக் கேட்கும் கட்டளை) முடியாதவரை வாசிப்புப் பரிமாற்றமும் (டிரான்சாக்ஷன்) திறந்தே இருக்கும். இப்போது அதே இணைப்பில் அட்டவணையை நீக்கும் 'டிராப் டேபிள்' கட்டளையைக் கொடுத்தால் எண் 6 வரும். படித்துக்கொண்டிருப்பது ஓர் அட்டவணை, நீக்கப் பார்ப்பது வேறோர் அட்டவணை என்றாலும் இதே பிழைதான்! நீக்கவிருக்கும் அட்டவணையை யாருமே தொடாதபோது அதற்கு 'அட்டவணைப்பூட்டு' என்று பெயர் வைத்தால், ஆங்கிலச் செய்தியில் இருக்கும் குழப்பத்தை நாமும் தமிழில் நிலைநிறுத்திவிடுவோம்.

தீர்வும் வேறு. எண் 5-க்குக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டினால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். எண் 6-க்கு எவ்வளவு காத்திருந்தாலும் பயன் இல்லை; நம் வினவலை நாம்தான் முடித்துவைக்க வேண்டும். பெயரைக் கேட்டதும் எந்தப் பக்கம் தேடுவது என்று புரிய வேண்டாமா? ஆகவே எண் 6-க்குத் தற்பூட்டு, எண் 5-க்கு அயற்பூட்டு என்று முன்மொழிகிறேன்.

'தற்பூட்டு' என்பதைத் தற்காலிகப் பூட்டு என்று படித்துவிடுவார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் தற்காப்பு, தற்புகழ்ச்சி, தற்கொலை எல்லாம் அன்றாடம் புழங்கும் சொற்கள். அந்த வரிசையில் இதுவும் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். 'தன்னிணைப்புப் பூட்டு' இன்னும் தெளிவானதுதான், ஆனால் பிழைச்செய்தியில் நீளமாக உட்காரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பல இணைப்புகள் ஒரே இடைமாற்றை (கேஷ்) பகிரும்போதும் எண் 6 வருகிறது. அதற்கு 262 என்ற நீட்டித்த எண் தனியே இருப்பதால் 'பகிர்பூட்டு' என்று பிரித்துவிடலாம்.

போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருள் இந்த இடத்தில் தெளிவாகவே பேசுகிறது: இந்த அமர்விலேயே (அதாவது இதே இணைப்பிலேயே) நடந்துகொண்டிருக்கும் வினவல்கள் அட்டவணையைப் பயன்படுத்துவதால் நீக்க முடியாது என்கிறது. வேறோர் அமர்வு தடுத்தால் பிழை சொல்லாமல் காத்திருக்கிறது. நம் செய்தியையும் அந்த வழியிலேயே எழுதிப் பார்த்தேன்:

'தற்பூட்டு: இதே இணைப்பில் ஒரு வினவல் இன்னும் முடியவில்லை.'

'வினவல்' என்பதற்குப் பதில் 'கூற்று' (ஸ்டேட்மென்ட்) வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். மற்றபடி இந்த வரியில் மறுப்பு உண்டா?