பழைய அல்பெர்க் 30 படகு: உட்புறம் முழுதும் தேய்ப்பதா, கழுவிச் சொரசொரப்பாக்கினால் போதுமா?

கரையோரன்:
ஒன்டாரியோ ஏரிக்கரையில் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். 1960களில் கனடாவின் விட்பியில் கட்டிய அல்பெர்க் 30. கேபினில் மெத்தை, உட்பலகை எல்லாம் கழற்றியாயிற்று. சுவரில் பெயின்ட் சில இடங்களில் செதில் செதிலாக உரிகிறது. அடிப்பள்ளத்தில் எஞ்சின் எண்ணெய். ஒரு குறுக்குத் தடுப்பைச் சுவரோடு பிடித்திருக்கும் ஃபைபர் பட்டை விட்டுப்போயிருக்கிறது. வெறும் ஃபைபர் தெரியும்வரை எல்லாவற்றையும் தேய்க்க 40-ஆம் எண் உப்புத்தாள் (நல்ல சொரசொரப்பானது) வாங்கிவிட்டேன். சனிக்கிழமை தொடங்கலாமா?

ஏரிக்காற்று:
தாராளமாக. என் படகில் பழைய பெயின்ட் மேலேயே பூசினேன். அடுத்த கோடைக்குள் கையோடு வந்துவிட்டது. முழுதாக எடுத்தால்தான் நிம்மதி.

பழம்படகு:
கொஞ்சம் பொறுங்கள் தம்பி, முதலில் கழுவுங்கள். ஃபைபர் இழைகளைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசின் காற்றுப்பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும். அதனால் கடைசிப் பூச்சில் மெழுகு கலப்பார்கள். அது மேலே வந்து காற்றைத் தடுக்கும். அந்த மெழுகை எடுக்காமல் பூசிய பெயின்ட் உரியத்தான் செய்யும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் மெழுகும் எண்ணெயும் கீறல்களுக்குள் இறங்கிவிடும். சோப்புத் தண்ணீர், அப்புறம் மெழுகு நீக்கி; துணியை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. சீராகப் படர்ந்தால் சுத்தம்.

முழுதும் தேய்ப்பதை நான் ஒப்பவே மாட்டேன். உள்சுவரில் தெரிகிற மேடுபள்ளம் தடித்த நெய்த இழை. 40-ஐ வைத்து அதைச் சமமாக்கினால் இழைதான் அறுபடும்.

ஏரிக்காற்று:
கழுவச் சொல்வது சரி. உரிகிற பெயின்டையும் விட்டுவைக்கச் சொல்கிறீர்களா?

பழம்படகு:
இல்லை, அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். இறுக்கமாக ஒட்டியிருப்பதை 120-ஆம் எண் மெல்லிய தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். 40 வேண்டியது அந்தப் பட்டை ஒட்டும் இடத்தில்தான். அங்கே பெயின்ட் துளியும் இருக்கக் கூடாது. பட்டையை ஒட்டும் எபாக்சி பசை, பழைய பாலியெஸ்டர் மேல் கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது.

ஏரிக்காற்று:
இறுக்கமாக இருக்கிறதென்று எதை வைத்து நம்புவது?

பழம்படகு:
பிளேடால் பெருக்கல் குறி கீறி, மேலே டேப் ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் கூட வராவிட்டால் அதன்மேல் பூசலாம்.

ஏரிக்காற்று:
பத்து இடத்தில் சோதித்தாலும் பதினோராவது இடம் உரியும் ஐயா. நானாக இருந்தால் முழுதாகவே எடுப்பேன்.

நெய்தல்:
தூசியைப் பற்றி இருவருமே பேசவில்லையே! அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். சோதனைக் குச்சியால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஈயம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். ஃபைபர் தூசிக்குத் துணி மாஸ்க் போதாது, நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட மாஸ்க் அணியுங்கள், சாண்டரோடு (தேய்க்கும் இயந்திரம்) வேக்குவம் இணையுங்கள். மெழுகு நீக்க அசிட்டோன் எடுத்தால் கவனம்: அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, அடிப்பள்ளத்தில் தேங்கும். சாண்டரின் ஒரு பொறி போதும் தீப்பிடிக்க.

கரையோரன்:
குச்சி சிவந்துவிட்டது, ஈயம் இருக்கிறது. ஏரிக்காற்று அண்ணா, மன்னியுங்கள். உரிவதையும் பட்டை ஒட்டும் இடத்தையும் மட்டும் ஈரமாக்கிச் சுரண்டப்போகிறேன். உதவிக்கு மகள் வருவதாக இருந்தாள். சுரண்டல் முடிந்து, கேபினை இரண்டு முறை கழுவியபின் வரச் சொல்லியிருக்கிறேன்.